டீச் சங்கோடு கட்டிய சர்வர்

நான் ஓய்வு பெற்ற பிறகும் பழைய கம்பெனிப் பையன்கள் அவ்வப்போது வீட்டுக்கு வருவார்கள். போன வாரம் இரண்டு பேர் லேப்டாப்போடு வந்தார்கள். சர்வரையும் நெட்வொர்க்கையும் கண்காணிக்கிற சாஃப்ட்வேர் ஒன்று வாங்கப்போகிறார்களாம். ஐந்தாறு சாஃப்ட்வேர்களை வரிசையாக எழுதி, எதில் என்ன வசதி உண்டு, எதில் இல்லை என்று பச்சையும் சிவப்புமாகக் கட்டம் கட்டியிருந்தார்கள்.

"இதுல எதுங்க சார் நல்லது?"

பார்த்தேன். எல்லாமே பச்சையாகத்தான் இருந்தது.

"அதிருக்கட்டும் கண்ணு. இது கத்துனா யாரு காதுல வுழும்? வுழுந்தவன் என்ன பண்ணுவான்?" என்று கேட்டேன். அதற்கு அவர்களிடம் கட்டம் இல்லை. காப்பி கொடுத்து உட்காரவைத்து, தொண்ணூறுகளின் கடைசியில் நடந்த ஒரு கூத்தைச் சொன்னேன். சிரித்தார்கள். எழுதி வையுங்கள் என்றார்கள். எழுதுகிறேன்.

எங்கள் ஊர் மூலனூர்ப் பக்கம். அப்பாவும் அம்மாவும் முருங்கைக்காட்டில் கூலிக்குப் போனவர்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். டிப்ளமோ முடித்து, திருப்பூரில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்து, ஒரு பனியன் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். படிப்பைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. படித்தவை ஒன்றும் அங்கே வேலைக்கு ஆகவில்லை. ஆனால் எதைச் செய்தாலும் அதற்குரிய புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டுத்தான் தொடுவேன். சட்டையை இஸ்திரி போட்டு, பாக்கெட்டில் ஸ்க்ரூ டிரைவர் செருகிக்கொண்டு திரிவேன். ஊரில் என்னைக் கம்ப்யூட்டர் இன்ஜினியர் என்று சொல்லிவைத்திருந்தார்கள். நானும் அதை மறுக்கவில்லை.

எனக்கு மேலே இருந்தவர் பேக்டரி மேனேஜர் ஆரோக்கியம் சார். ஒல்லியான மனிதர். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றபடியேதான் பேசுவார். நாம் எதைச் சொன்னாலும் முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்பறமுங்க?" என்பார். அதற்கு மேலும் கொஞ்சம் சொல்வோம். "அப்பறமுங்க?" இப்படியே நம்மிடம் சரக்கு தீரும் வரை கேட்பார். மூன்றாவது "அப்பறமுங்க"வில்தான் உண்மை வெளியே வரும். லாரி கிளீனர் முதல் சரக்கு வாங்கவரும் வெளிநாட்டு பையர் வரை எல்லோருக்கும் ஒரே மரியாதை. கோபம் வந்தால் மரியாதை இன்னும் கூடும். "வாங்க தம்பி" என்றால் சாதாரணம். "வாங்க சார்" என்றால் ஏதோ தப்பு நடந்திருக்கிறது. நாற்காலியை இழுத்துப்போட்டு "உக்காருங்க சார்" என்றால் ஊருக்குப் பஸ் ஏறவேண்டியதுதான்.

கம்பெனியில் ஒரு சர்வர் இருந்தது. துணி குடோன், கட்டிங், செக்கிங், பேக்கிங் என்று ஒவ்வொரு பகுதியிலும் ஒரு கம்ப்யூட்டர். எல்லாவற்றுக்கும் சர்வர் அறையிலிருந்து தனித்தனி ஒயர். பெட்டிகளின் மேல் ஒட்டும் ஸ்டிக்கர் பேக்கிங் கம்ப்யூட்டரில் அச்சாகும். அதற்கான விவரம் சர்வரிலிருந்து வரவேண்டும். சர்வர் படுத்தால் ஸ்டிக்கர் இல்லை. ஸ்டிக்கர் இல்லாவிட்டால் தூத்துக்குடிக்கு லாரி கிளம்பாது.

ஒருநாள் சர்வர் காலையிலேயே படுத்துவிட்டது. நான் குடோனில் பஞ்சுத் தூசி அடைத்த பிரிண்டரைக் கழற்றிக்கொண்டிருந்தேன். யாருக்கும் தெரியவில்லை. மத்தியானம் பேக்கிங்கில் ஸ்டிக்கர் கேட்டபோதுதான் தெரிந்தது. லாரி கிளம்பப் பொழுது இறங்கிவிட்டது. முதலாளி குன்னத்தூர் விவசாயக் குடும்பத்துக்காரர். அதிகம் பேசமாட்டார்.

"தோட்டத்துல கெடாரிக்கன்னு தீனி எடுக்கலீன்னாக்கூட எனக்கு ஆளு வந்து சொல்லுதுங்க. இத்தனை காசு போட்டு வாங்குன மெஷினு செத்துக் கெடக்குது, ஒருத்தரும் சொல்றதில்லை. இது என்ன பொழப்புங்க?" என்றார்.

அப்படித்தான் கண்காணிப்பு சாஃப்ட்வேர் தேடும் வேலை என் தலையில் விழுந்தது.

சாஃப்ட்வேர் விற்க இரண்டு பேர் வந்தார்கள். கோயம்புத்தூர்க்காரர் டை கட்டியிருந்தார், முதலாளியின் மச்சினர் கூட்டிவந்த ஆள். பெங்களூர்க்காரர் சின்னப் பையன், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வான். சாஃப்ட்வேரின் வேலை ஒன்றுதான். சர்வர் அறையில் ஒரு கம்ப்யூட்டரில் உட்கார்ந்துகொண்டு, மற்றக் கம்ப்யூட்டர்களை ஒவ்வொன்றாக "இருக்கியா?" என்று கேட்கும். "இருக்கேன்" என்று பதில் வந்தால் பச்சை. வராவிட்டால் சிவப்பு, கூடவே சத்தம்.

கோயம்புத்தூர்க்காரர் செய்துகாட்டும்போது, "இந்த ஒயரைப் புடுங்குங்க பாக்கலாம்" என்று ஒன்றைக் காட்டினார். நான் கை நீட்டினேன். ஆரோக்கியம் சார் என் தோளைத் தொட்டார்.

"தம்பி, பையரோட க்யூசி ஆளு சரக்கைச் சோதிக்க வந்தா நாம எடுத்துக் குடுக்கற பொட்டியவா தெறக்கறாரு?"

"இல்லீங்க சார். அவரா அடியிலிருந்து ஒரு பொட்டியை உருவுவாருங்க."

"அப்ப நாமளும் நமக்குப் புடிச்ச ஒயரைப் புடுங்கலாமுங்களே."

வேறு ஒன்றைப் பிடுங்கினோம். சிவப்பு வந்தது. அடுத்ததாக ஒரு கம்ப்யூட்டரின் மின்சாரத்தை அணைத்தோம். சிவப்பு வந்தது. பிறகு ஒன்றும் செய்யாமல் சும்மா நின்றோம். இதுதான் ஆரோக்கியம் சார் சொல்லிக்கொடுத்த சோதனைகளிலேயே பெரியது. நல்ல பீஸை நல்ல பீஸ் என்று சொல்லத் தெரியாத செக்கர் எதற்கு என்பார். பெங்களூர் சாஃப்ட்வேரையும் இப்படியே சோதித்தோம். அன்று சும்மா நின்றபோது இரண்டு சாஃப்ட்வேருமே வாயை மூடிக்கொண்டிருந்தன. சரி, ஆளுக்குக் கொஞ்ச நாள் நம் கம்பெனியில் ஓடட்டும், முதலில் கோயம்புத்தூர், அடுத்து பெங்களூர் என்று முடிவானது.

அப்போதுதான் முதலாளி கேட்டார்: "சத்தம் போடுதுன்னீங்களே, எங்க?"

கம்ப்யூட்டர் 'கீங் கீங்' என்றது. பக்கத்து ஹாலில் தையல் மெஷின்கள் அத்தனையும் ஓடுகின்றன. அறைக்கு உள்ளேயே சரியாகக் கேட்கவில்லை.

"இது எனக்கெப்படிக் கேக்குமுங்க? நம்ம டீச் சங்கு இருக்குதுல்ல, அதுல கட்டியுடுங்க. ஒரு சங்கு இருக்கையில இன்னொன்னு எதுக்கு?"

டீ நேரத்தைச் சொல்ல ஹாலில் ஊதும் சங்கைத்தான் சொன்னார். புத்தகத்தைப் படித்தேன். கம்ப்யூட்டரில் பிரிண்டர் செருகும் இடத்திலிருந்து, சுவிட்ச் போலத் தானாகப் போட்டு அணைக்கும் ஒரு ரிலே வைத்து, எலக்ட்ரீஷியனோடு சேர்ந்து சங்கில் இணைத்துவிட்டேன். டீக்கு ஒரே நீள ஊதல், கம்ப்யூட்டருக்கு மூன்று குட்டி ஊதல். காகிதத்தில் மிக அழகாக இருந்தது. ஆனால் அது மோட்டார் சங்கு. நிறுத்தினால் உடனே நிற்காது, முனகிக்கொண்டே இறங்கும். முதல் ஊதல் இறங்குவதற்குள் இரண்டாவது ஏறிவிடும். மூன்று குட்டி ஊதலும் ஒட்டிக்கொண்டு, அசல் டீச் சங்கை விட நீளமாக ஊதியது.

முதல் தடவை ஊதியது ஒரு மத்தியானம். செக்கிங் கம்ப்யூட்டர் பதில் சொல்லவில்லை என்று திரையில் வந்திருந்தது. ஹாலில் அயர்ன் மாஸ்டர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்திவைத்தார். செக்கிங் பெண்கள் கையைத் துடைத்தார்கள். கேண்டீன்காரர் சங்கு கேட்டுப் பதறி, டீ கேனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். நான் நடுவில் நின்று, "இது டீக்கு இல்லீங்க, கம்ப்யூட்டருக்குங்க" என்று கத்தினேன்.

"கம்ப்யூட்டரும் குடிக்கட்டுமுங்க, நாங்க வேண்டாம்னா சொன்னோம்?" என்றார் ஓர் அக்கா.

ஊற்றிய டீயைத் திருப்பி கேனில் ஊற்ற முடியாது. எல்லோரும் குடித்தார்கள். நான் செக்கிங் டேபிளுக்குப் போய்ப் பார்த்தால் ஒயர் ஒழுங்காக இருந்தது, கம்ப்யூட்டர் நன்றாக வேலை செய்தது.

மறுநாளும் அதே நேரம், அதே இடம். அதற்கு மறுநாளும். காலையில் எப்போதும் வராது. மத்தியானச் சாப்பாடு முடிந்து, சாயங்கால டீக்கு வெகு நேரம் இருக்கும்போதுதான் வரும். வெயில்தான் காரணம் என்று முடிவு செய்தேன். ஆபீஸிலிருந்து ஒரு டேபிள் ஃபேனைக் கொண்டுபோய் செக்கிங் கம்ப்யூட்டர் பக்கத்தில் வைத்தேன். கம்ப்யூட்டருக்கு என்ன நன்மையோ தெரியாது, செக்கிங் அக்காமார் என்னை வாயார வாழ்த்தினார்கள். ஒயரை மாற்றினேன். எலி கடிக்கிறதோ என்று டேபிளுக்கு அடியில் எலிப்பொறி வைத்தேன்.

செக்கிங்கில் மூத்தவர் சரசக்கா. மங்கலத்திலிருந்து கம்பெனி வேனில் வருபவர். ஒரு டி-ஷர்ட்டை உதறிப்போடும் வேகத்தில் அதிலுள்ள ஓட்டை, எண்ணெய்க்கறை, தையல் விட்ட இடம் மூன்றையும் பார்த்துவிடுவார். எலிப்பொறியைக் காலால் மெல்லச் சுவரோரம் தள்ளிவிட்டுச் சொன்னார்: "இங்க எலி வாறதில்லீங்க கண்ணு. நாங்க நின்னுக்கிட்டே இருக்கறோம்ல, எப்படி வரும்? பொறியில எங்க காலுதான் மாட்டும்."

இதற்கிடையில் மச்சினருக்கு ஒரே சந்தோஷம். "பாத்தீங்களா மாமா, எத்தனை கோளாறு புடிக்குது. இத்தனை நாளா இது ஒண்ணும் நமக்குத் தெரியாமயே இருந்திருக்குது" என்று முதலாளியிடம் சொன்னார். தையல்காரர்களுக்கோ எரிச்சல். அவர்களுக்குத் தைக்கும் பீஸுக்குத்தான் கூலி. செக்கிங் பெண்களுக்கு ஷிப்ட் சம்பளம். "உங்க கம்ப்யூட்டருக்குத் தலவலின்னா நாங்க ஏங்க மெஷின நிறுத்தோணும்?" என்று என்னைப் பார்த்தாலே பாய்ந்தார்கள். அவர்கள் நிறுத்தாவிட்டாலும், எடுத்துக்கொடுக்கும் ஹெல்பர்கள் டீக்குப் போய்விட்டால் தைப்பதற்குத் துணி வராது.

ஒரு ஷிப்மெண்ட் நாளில் இந்த டீயால் பேக்கிங் பிந்தியது. மறுபடி லாரி தாமதம். முதலாளி என்னைக் கூப்பிட்டார். சங்கைக் கழற்றிவிடலாம் என்றேன்.

"அப்பறம் எனக்கெப்படிங்க தெரியும்? சங்கு இருக்கட்டும். ரெண்டு சாஃப்ட்வேருல எது, ஏன்னு நீங்க சொல்லோணும். சரியாச் சொன்னீங்கன்னா வாங்கறனுங்க. இன்னொருக்கா லாரி நின்னுதுன்னா கம்ப்யூட்டரெல்லாம் குடோனுக்குப் போகட்டும். நீங்களும் மூலனூருக்கே போய் முருங்கைக்காய் மண்டியில எடை போடலாமுங்க."

அவர் கிண்டல் செய்யவில்லை. எங்கள் வீட்டில் அப்போது சம்பளம் என்று வந்தது என் ஒருவனுடையது மட்டும்தான்.

பெங்களூர் சாஃப்ட்வேரைப் போட்டோம். அதே சங்கு, அதே ரிலே. முதல் நாள் ஊதவில்லை. இரண்டாம் நாளும் ஊதவில்லை. மச்சினர் வந்து காதைக் குடைந்துகொண்டார். "செத்த சாஃப்ட்வேருங்க இது. ஒண்ணையும் புடிக்கக் காணோம்."

எனக்கும் பயம் வந்துவிட்டது. புத்தகத்தை மறுபடி எடுத்தேன். கோயம்புத்தூர் சாஃப்ட்வேர் ஒருமுறை கேட்டு, பதில் வராவிட்டால் உடனே கத்தும். பெங்களூர் அப்படி இல்லை. பதில் வராவிட்டால் கொஞ்சம் பொறுக்கும், மறுபடி கேட்கும், மறுபடியும் பொறுக்கும். நிஜமாகவே ஆள் இல்லை என்று உறுதியான பிறகுதான் வாயைத் திறக்கும். நடுவில் பதில் வந்துவிட்டால் ஒன்றும் நடக்காதது போல் இருந்துவிடும்.

படித்துக்கொண்டிருக்கும்போதே கதவருகில் சரசக்கா வந்து நின்றார். சர்வர் அறைக்கு அவர் வந்தது அதுதான் முதல் தடவை.

"கண்ணு, உங்க புது சாஃப்ட்வேரு செரியில்லீங்க."

"ஏனுங்கக்கா?"

"எங்க டேபிளு கம்ப்யூட்டரு செத்து எவ்வளவு நேரமாச்சுங்க, இன்னும் சங்கு ஊதக் காணோம். பழசு உடனே ஊதுமில்லீங்க?"

நான் திரையைப் பார்த்தேன். செக்கிங் இன்னும் பச்சையாகத்தான் இருந்தது.

"செத்துப்போச்சுன்னு உங்களுக்கு எப்படீங்கக்கா தெரியும்? நீங்க அந்தக் கம்ப்யூட்டரைத் தொடறதே இல்லையே."

சரசக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு என் முகத்தையே பார்த்தார். அந்த நேரம் பார்த்துத் திரை சிவப்பாகி, வெளியே சங்கு ஊதியது. நீளமாக ஊதியது. ஹாலில் அயர்ன் பெட்டி நிமிரும் சத்தம் கேட்டது.

"இப்பத்தான் ஊதுது. ரொம்ப மந்தமுங்க உங்க பெங்களூரு" என்று சொல்லிவிட்டு டீக்குப் போனார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. வந்த கோளாறுகள் எல்லாம் இதுதான். ஒயரை லேசாக உருவ வேண்டியது, சங்கு ஊதும், எல்லோரும் எழுந்து போகும் சந்தடியில் திருப்பிச் செருக வேண்டியது. நான் முதலில் சர்வர் அறைக்கு ஓடி, பிறகு செக்கிங் டேபிளுக்குப் போவதற்குள் எல்லாம் சரியாகியிருக்கும். கோயம்புத்தூர் சாஃப்ட்வேர் அத்தனை கோளாறு பிடித்ததற்குக் காரணம், அது அத்தனை டீ வாங்கிக்கொடுத்ததுதான்.

இதை முதலாளியிடம் சொன்னால் என் வேலை நிலைக்கும், சரசக்காவின் வேலை போய்விடும். சொல்லாவிட்டால் மச்சினர் சொல்வதுதான் ஜெயிக்கும். அப்புறம் தினமும் சங்கு, என்றைக்காவது லாரி, நான் மூலனூர். ஆரோக்கியம் சாரிடம் போனேன்.

"சார், பெங்களூர் சாஃப்ட்வேர்தானுங்க நல்லது. பொறுத்துப் பார்த்துச் சொல்லுது."

"அப்பறமுங்க?"

"கோயம்புத்தூர் புடிச்சது எதுவும் கோளாறு இல்லீங்க சார். ஒயர் லேசாக் கழண்டு கழண்டு மாட்டியிருக்குது."

"அப்பறமுங்க?"

"தானாக் கழலலீங்க."

அவர் நாற்காலியைப் பார்த்தார். மூலனூர் பஸ் எத்தனை மணிக்கு என்று யோசித்தேன். நாற்காலியை இழுத்து அவரே உட்கார்ந்துகொண்டார். அவர் உட்கார்ந்து நான் அதுவரை பார்த்ததில்லை.

"பேரு நான் கேக்கலீங்க தம்பி. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. எந்த நேரம்?"

"மூணு, மூணரைங்க சார். எப்பவும் அதேதான்."

"சாப்பாட்டுக்கு அப்பறம் அந்த டேபிள்ல உக்கார ஸ்டூல் இருக்குதுங்களா?"

"இல்லீங்க சார். நின்னுதான் பாக்கறாங்க."

அவர் தன் முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். பிறகு, "நாளைக்கு முதலாளிகிட்டச் சொல்லீரலாமுங்க. நான் கூட வாறேன்" என்றார். என்ன சொல்லப்போகிறார் என்று சொல்லவில்லை.

மறுநாள் மத்தியானம் முதலாளி, மச்சினர், ஆரோக்கியம் சார், நான், நான்கு பேரும் செக்கிங் ஹாலில் நின்றோம். கம்ப்யூட்டரிலிருந்து சங்குக்குப் போகும் ஒயரை மட்டும் ஆரோக்கியம் சார் முன்பே கழற்றச் சொல்லியிருந்தார். கண்காணிக்கும் கம்ப்யூட்டரை ஒரு டேபிளோடு ஹாலுக்கே கொண்டுவந்து வைத்திருந்தேன். நான் மனப்பாடம் செய்துவந்ததை ஒப்பித்தேன். இது சும்மா சும்மா கத்தாது, உறுதியானால்தான் கத்தும் என்றேன்.

"கத்தவே மாட்டேங்குதுன்னு சொல்லுங்க" என்றார் மச்சினர். "மாமா, அது எத்தனை புடிச்சுது, இது ஒண்ணே ஒண்ணுதான் புடிச்சிருக்குது. இதை நம்பி எப்படி உடறது?"

முதலாளி என்னைப் பார்த்தார். "எனக்கு முன்னால ஒருக்கா புடிச்சுக் காட்டட்டுமுங்க. ஒயரைப் புடுங்குங்க."

நான் குனியப்போனேன்.

"தம்பி புடுங்க வேண்டாமுங்க" என்றார் ஆரோக்கியம் சார். "சாஃப்ட்வேரைத் தேர்ந்தெடுக்கறவரே புடுங்குனா எப்படிங்க? மச்சினரும் வேண்டாம். ரெண்டு பக்கமும் சேராத ஆளு வேணும்." தலையைத் திருப்பினார். "சரசம்மா, சித்த இப்படி வாங்க."

ஹாலில் உதறும் சத்தம் எல்லாம் நின்றுவிட்டது. சரசக்கா வந்தார்.

"இந்தக் கம்ப்யூட்டரோட நெட்வொர்க் ஒயரை மட்டும் உருவுங்க பாக்கலாம்" என்றார் ஆரோக்கியம் சார், மிகுந்த மரியாதையோடு.

டேபிளுக்கு அடியில் ஒரு கொத்து ஒயர் கிடந்தது. டியூப் லைட்டுக்கு, ஃபேனுக்கு, திரைக்கு, கீபோர்டுக்கு, இன்னும் எதெதற்கோ. வாரம் ஒருமுறை கழற்றி மாட்டுகிற நானே குனிந்து, ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துத்தான் கண்டுபிடிப்பேன். சரசக்கா குனியவில்லை. எங்களைப் பார்த்து நின்றபடியே வலது கையை மட்டும் டேபிளுக்குப் பின்னால் விட்டார். 'டக்' என்று ஒரு சத்தம். கை வெளியே வந்தபோது அதில் சரியான ஒயர் இருந்தது.

கை வெளியே வந்த பிறகுதான், தான் என்ன செய்துவிட்டோம் என்பது அவருக்கே தெரிந்தது போலிருந்தது. ஒயரை மறைக்கவும் முடியாமல், கீழே போடவும் முடியாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

நாங்கள் எல்லோரும் திரையைப் பார்ப்பதற்குப் பதிலாக அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். முதலாளி டேபிளுக்கு அடியில் எட்டிப்பார்த்தார். ஒயர்க் கொத்தைப் பார்த்தார். சுவரோரம் கிடந்த எலிப்பொறியைப் பார்த்தார். பிறகு மச்சினரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மச்சினர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஆரோக்கியம், இந்தம்மிணிக்கு இதை யாருங்க சொல்லிக் குடுத்தது?"

"யாரும் சொல்லிக் குடுக்கலீங்க. நின்னு நின்னு அவிங்களாக் கத்துக்கிட்டதுங்க."

திரை பொறுமையாகக் காத்திருந்து, மறுபடி கேட்டு, சிவப்பானது. முதலாளி அதைப் பார்த்துத் தலையாட்டினார். "இதையே வாங்கிக்குங்க" என்று என்னிடம் சொன்னார். எனக்கு உட்கார வேண்டும் போல் இருந்தது. அங்கே உட்கார ஒன்றும் இல்லை.

அவர் இன்னும் நகரவில்லை. சரசக்காவும் நகரவில்லை. என் வேலை தப்பித்துவிட்டது, அவருடையது இன்னும் அந்த ஒயரின் நுனியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஏனுங்க அம்மிணி, எந்நேரத்துல இருந்து கால் வலிக்கும்?" என்று கேட்டார் முதலாளி.

"மூணு மணி தாண்டுனா நிக்க முடியறதில்லீங்க சாமி."

"இப்ப என்ன மணி?"

ஆரோக்கியம் சார் தன் கைக்கடிகாரத்தைத் திருப்பிக் காட்டினார். முதலாளி குனிந்து பார்த்தார், மூன்று தாண்டியிருந்தது. திட்டப்போகிறாரா, சிரிக்கப்போகிறாரா என்று யாருக்கும் தெரியவில்லை. சரசக்கா ஒயரைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார்.

"அப்ப இதை இப்பவே சொருகீறதுங்களா, இல்ல டீ குடிச்சுப்போட்டு வந்து சொருகிக்கறதுங்களா?"

முதலாளி ஹாலைக் கடந்து சுவரோரம் போனார். டீச் சங்கின் சுவிட்சைத் தன் கையாலேயே அழுத்தினார்.